உலக மரத்து அணில்

மருத்துவமனை, வடக்குக் கரை
1937 செப்டம்பர் 20

அன்புள்ள தோர்லாக் அண்ணனுக்கும் சால்வோர் அண்ணிக்கும் ஆல்தீஸ் எழுதிக்கொள்வது.

ஆண்டவன் புண்ணியத்தில் நான் சுகம். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? கிழட்டு கார்ம் இன்னும் தபால்காரரைப் பார்த்து உறுமுகிறதா? பாதாள வாசலைக் காக்கும் நாயின் பெயரை வைத்தும், அது இதுவரை கடித்தது அண்ணியின் பாவாடையை மட்டும்தான்.

மேலே முகவரியைப் பார்த்துப் பதற வேண்டாம். கடைக்காரர் வீட்டு வேலையை ஆகஸ்டில் விட்டுவிட்டேன். இப்போது இந்த மருத்துவமனையின் சமையலறையில் இருக்கிறேன். கனமான வேலை இல்லை. மூன்று வேளையும் பால் தருகிறார்கள். இருபத்தொன்பது வயதில் கன்றுக்குட்டி மாதிரி வளர்கிறேன்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் நீங்களும் தம்பியும் ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டும். ஒரே மலைச்சரிவில் மேல்வீட்டில் நீங்கள், கீழ்வீட்டில் அவன். நடுவில் அரை மணி நேர நடை. ஆறு வருடமாக அதை இரண்டு பேரும் நடக்கவில்லை.

கம்பளி சிக்கெடுக்கும்போது அப்பா சொல்லும் உலக மரத்தின் கதை ஞாபகம் இருக்கிறதா? உச்சியில் கழுகு, வேரைக் கடித்துக்கொண்டு நிட்ஹாக் என்ற நாகம், இருவருக்கும் நடுவில் ஏறி இறங்கி, அவர் திட்டியதை இவரிடமும் இவர் திட்டியதை அவரிடமும் சொல்லும் கோள்மூட்டி அணில் ராட்டடோஸ்க். உங்களைக் கழுகு என்பார், அவனை நிட்ஹாக் என்பார். நடுவில் பிறந்த நான் அணில். அந்த வேலையை மறுபடி பார்க்கத் தயாராக இருக்கிறேன். அவனிடம் நேரில் சொல்ல முடியாததை எனக்கு எழுதுங்கள். நான் சேர்க்கிறேன்.

படித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள். கோள்மூட்டி எழுதியதை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் பாசமுள்ள தங்கை,
ஆல்தீஸ்


மருத்துவமனை, வடக்குக் கரை
1937 செப்டம்பர் 20

என் செல்லத் தம்பி எய்விந்துக்கு,

சுகமாக இருக்கிறாயா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை, காய்ந்த மீனை வெண்ணெயில் தொட்டு நின்றபடியே தின்றுவிட்டு ஓடுகிறாயா? உன் பசு அவுத்ஹும்லா சௌக்கியமா? உலகத்தின் முதல் பசு உப்புப் பாறையை நக்கி நக்கியே முதல் மனிதனை வெளியே கொண்டுவந்ததாம். உன் பசு உன் கிழிந்த சட்டையை நக்கி ஒரு பெண்டாட்டியைக் கொண்டுவந்தால் தேவலை.

நான் இடம் மாறிவிட்டேன். இங்கே சலவைக்கூடத்தில் வேலை. முதலில் சமையலறையில் போடுவதாகத்தான் சொன்னார்கள். என் கஞ்சியைத் தின்று வளர்ந்தவன் நீ, உனக்குத் தெரியாததா? நோயாளிகள் பாவம் என்று நானே மறுத்துவிட்டேன். நல்ல காற்று, மூன்று வேளை பால், குறை ஒன்றும் இல்லை.

வசந்தம் வருவதற்குள் நீ அண்ணனோடு பேசினாய் என்று நான் கேட்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். நேரில் பேச வாய் வராவிட்டால் எனக்கு எழுது, அணில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இதைப் படித்ததும் எரித்துவிடு.

அக்கா
ஆல்தீஸ்


மேல்வீடு
1937 அக்டோபர் 11

தங்கை ஆல்தீஸுக்கு ஆசீர்வாதம்.

இங்கே சுகம். சால்வோருக்கு முழங்கால் வலி, மழை வந்தால் வரும், போனால் போகும். சமையலறையில் நெருப்புப் பக்கம் இருப்பது உன் நெஞ்சுக்கு நல்லது. சின்ன வயதில் நீ இருமாத குளிர்காலம் உண்டா?

மலையிலிருந்து ஆடுகளை இறக்கிப் பட்டியில் பிரித்து முடித்தாயிற்று. கீழ்வீட்டான் தன் ஆடுகளைப் பிரித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போனான். நானும் பார்க்கவில்லை.

நீ அந்தச் சண்டையின்போது ஊரில் இல்லை, ஆகவே தெரிந்துகொள். வலக் காதின் நுனியை வெட்டுவது அப்பாவின் ஆட்டு அடையாளம், மூத்தவன் எனக்கு வந்தது. அதோடு இடக் காதின் பின்புறம் ஒரு சின்ன வெட்டுச் சேர்ந்தால் அவனுடையது. அந்த வருடம் ஒரு குட்டி வந்தது. இடக் காதில் வெட்டு என்றும் சொல்ல முடியாமல், வெட்டில்லை என்றும் சொல்ல முடியாமல் ஏதோ இருந்தது. “அண்ணே, இது நான் போட்ட வெட்டு” என்றான். “வெட்டுன்னா நேரா இருக்கும்டா. இது முள்கம்பி கிழிச்சது” என்றேன். இவ்வளவுதான் நான் சொன்னது. திருடன் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை. பட்டியில் நின்ற ஊர்க்காரர்கள் சிரித்தால் அதற்கு நானா பொறுப்பு?

அணில் வேலை பார்க்கிறேன் என்கிறாய், பார். அவனிடம் இதைச் சொல். அவனுடைய கிடாய் என் வீட்டுவயல் சுவரை மூன்று முறை தாண்டி வந்துவிட்டது. நான்காம் முறை வந்தால் கிறிஸ்துமஸுக்குப் புகைபோட்ட இறைச்சியாக என் உத்தரத்தில் தொங்கும். எந்தக் கயிற்றுக்கும் அடங்காத ஓநாய் ஃபென்ரிரின் பெயரை ஒரு செம்மறிக் கிடாய்க்கு வைப்பவனிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

அண்ணன்
தோர்லாக்


கீழ்வீடு
1937 அக்டோபர் 15

அக்காவுக்கு,

நான் நலம். நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறேன், எப்படித்தான் கண்டுபிடிக்கிறாயோ. சலவை வேலை என்கிறாயே, ஈரத்தில் நின்றால் உனக்குச் சேராது. காலுறை ஒரு ஜோடி பின்னி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒன்று மற்றதைவிட நீளம், பொறுத்துக்கொள்.

அண்ணனிடம் சொல்ல வேண்டியது இது. ஒரு காதைக் கையில் பிடித்துப் பார்த்தும் வெட்டா கிழிசலா என்று தெரியாத கழுகுக்குக் கண் எதற்கு? ஊர் முன்னால் என்னைத் திருடனாக்கினார். கடைசியில் அந்தக் குட்டியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, ஊர்ப் பொதுவில் ஏலம் போனது. இப்போது ஓடையையும் தன் பக்கம் திருப்பிவிட்டார். அவர் அடுக்கி வைத்த புல் அத்தனையும் மக்கிப் போகட்டும்.

இங்கிருந்து பார்த்தால் மேல்வீட்டு விளக்கு தெரியும். சாயங்காலம் கொட்டிலிலிருந்து வரும்போது எரிகிறதா என்று பார்ப்பேன். இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

தம்பி
எய்விந்த்


மருத்துவமனை
1937 நவம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. நான் சுகம். சலவைக்கூடத்தில் மலை மாதிரி துணி. எழுத்து கோணலாக இருந்தால் வெந்நீரில் ஊறிய கையைக் குற்றம் சொல். காலுறைகளைப் போட்டுக்கொண்டேன். நீளமானது இடது காலில்.

அண்ணன் எழுதியிருந்தார். உன் கிடாய் மேல்வீடு வரைக்கும் ஏறி வந்து சுவரைத் தாண்டுகிறதாம். மூன்று முறை வந்தபோதும் நின்று பார்த்திருக்கிறார். அப்படி ஒரு திமிறல் உள்ள கிடாய் இந்தப் பள்ளத்தாக்கில் வேறு இல்லை என்கிறார். நான்காம் முறை வந்தால் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஆசையாம்.

இங்கே சுன்னிவா என்று ஒரு நோர்வே நர்ஸ் இருக்கிறாள். நம் நாட்டில்தான் அணிலே கிடையாதே, இவள் அதை நேரில் பார்த்தவள்! நாம் மூன்று பேரும் அதைக் காது நீண்ட எலி என்றுதானே நினைத்திருந்தோம்? செம்பட்டை நிறமாம், உடம்பைவிட வால் பெரிதாம். “அது கோள் சொல்லுமா?” என்று கேட்டேன். “கொட்டையை ஒளிச்சு வெச்சிட்டு எங்க வெச்சோம்னு மறந்துரும்” என்றாள். மறதியுள்ள கோள்மூட்டியால் யாருக்கு என்ன கெடுதல்?

எரித்துவிடு.

அக்கா


மருத்துவமனை
1937 நவம்பர் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம், அண்ணியின் முழங்கால் எப்படி? எழுத்து கோணினால் உருளைக்கிழங்கு உரித்துக் களைத்த கை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி கடிதம் போட்டிருந்தான். நீங்கள் அடுக்கி வைத்த புல் மக்கிவிடுமோ என்று அவனுக்கு ஒரே யோசனை. ஓடையை உங்கள் பக்கம் திருப்பியிருக்கிறீர்களாமே, ஈரம் ஏறிவிடப் போகிறது என்கிறான். உங்கள் கண்ணைப் பற்றியும் விசாரித்தான். வயதாகிறதே, பார்வை சரியாக இருக்கிறதா என்று.

இன்னொன்று. இதைச் சொல்லக் கூடாது என்றான், அணிலிடம் அப்படிச் சொல்லலாமா? சாயங்காலமானால் உங்கள் வீட்டு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறான்.

அண்ணிக்கு என் முத்தங்கள். கடிதத்தை அடுப்பில் போடுங்கள்.

ஆல்தீஸ்


மேல்வீடு
1937 டிசம்பர் 1

தங்கைக்கு,

இங்கே நலம். என் புல்லைப் பற்றி அவன் யோசித்தானா? அவனுக்கு ஜுரம் ஏதாவது அடிக்கிறதா? இருந்தாலும் போய்ப் பார்த்தேன். அடியில் உண்மையாகவே ஈரம் ஏறியிருந்தது. இரண்டு நாள் நானும் சால்வோரும் பிரித்துப் போட்டு அடுக்கினோம். “சொன்னவன் நல்லதுக்குத்தான் சொல்லிருக்கான்” என்று அவள் இரண்டு நாளும் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தாள். ஓடையைப் பழையபடி விட்டுவிட்டேன். அவனுக்காக இல்லை, புல்லுக்காக.

கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்.

விளக்கு விஷயம் படித்தேன். சால்வோர் இப்போதெல்லாம் விளக்கைச் சீக்கிரமே ஏற்றி அந்தப் பக்கத்து ஜன்னலில் வைக்கிறாள். எண்ணெய் வீண்.

உன் அடுத்த கடிதம் ஏன் இன்னும் வரவில்லை?

தோர்லாக்


கீழ்வீடு
1937 டிசம்பர் 17

அக்காவுக்கு,

சுகமா? ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரரைக் கேட்டால் கப்பல் வந்தது, உனக்கு ஒன்றும் இல்லை என்கிறார்.

ஓடையில் மறுபடி தண்ணீர் வருகிறது. கிடாயைப் பற்றி அண்ணன் சொன்னதை நீ எழுதியிருந்தாயே, அதை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். ஆறு வருடத்தில் அவர் என் பொருள் ஒன்றை நல்லது என்று சொன்னது இதுதான். கிடாயைப் பெட்டைகளோடு விடும் பருவம் வந்துவிட்டது. அவருடைய கிடாய் கிழடு. நாளைக்கு ஃபென்ரிரை ஓட்டிக்கொண்டு மேலே போகிறேன். வாசலில் விட்டுவிட்டு, “கேட்டீங்களாம், கொண்டாந்தேன்” என்று மட்டும் சொல்வேன். மற்றதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

நீ பதில் போடு.

எய்விந்த்


மேல்வீடு
1937 டிசம்பர் 20

ஆல்தீஸ்,

இதை நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறோம். பேனா என் கையில் இருக்கிறது. பிடுங்க ஒருவன் பக்கத்தில் காத்திருக்கிறான்.

பதினெட்டாம் தேதி காலையில் உன் தம்பி அந்தக் கிடாயை என் வாசலுக்கு இழுத்து வந்தான். பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. “நாலாவது தடவை நீயே கூட்டிட்டு வர்றியா? அவ்வளவு ஏத்தமா?” என்றேன்.

“நீங்கதான ஆசைப்பட்டீங்கன்னு அக்கா எழுதினா.”

“நானா? அத வெட்டித் தொங்க விடுவேன்னு சொல்லச் சொன்னேன்.”

“திமிறலான கிடாய்னு நீங்க சொன்னதா எனக்கு எழுதிருக்கா.”

“நீ என் புல்லுக்குக் கவலைப்பட்டேன்னு எழுதிருக்காளே.”

“மக்கிப் போகட்டும்னு சொன்னேன்.”

இப்படியே வாசலில் நின்று கத்தினோம். சால்வோர்தான் வந்து, “ரெண்டு பேரும் அவ கடுதாசியக் கொண்டாங்க” என்றாள். எரிக்கச் சொல்லியிருந்தாய். நான் பைபிளுக்குள் வைத்திருந்தேன். அவன் சட்டைக்குள்ளேயே வைத்திருந்தான். மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். கண்ணுக்கு வயதாகிறதே என்று விசாரித்த இடம் வந்ததும் எய்விந்த் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். அவன் சிரித்தால் அப்பா சிரிப்பது போலவே இருக்கும், அது எனக்கு மறந்தே போயிருந்தது.

சால்வோர் சிரிக்கவில்லை. இரண்டு செப்டம்பர் கடிதத்தையும் கையில் எடுத்தாள். “ஒரே தேதி. இதுல சமையலறைங்கிறா, அதுல சலவைக்கூடம்ங்கிறா. மூணு வேளை பாலு மட்டும் ரெண்டுலயும் இருக்கு. வேலைக்காரிக்கு எந்த ஊர்லங்க மூணு வேளை பால் ஊத்துறாங்க?” என்றாள்.

பால் கொடுத்துப் படுக்க வைக்கும் மருத்துவமனை எது என்று இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியவில்லை. நாங்கள் ஒரு காதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தோம்.

அக்கா, இப்போது நான் எழுதுகிறேன். கோபம் இல்லை. நீ மாற்றி எழுதிய ஒரு வரிகூட எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஆனால் உன்னைப் பற்றி மட்டும் மாற்றி எழுதாதே. எப்படி இருக்கிறாய் என்று ஒரே கடிதத்தில், எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுது.

தோர்லாக்
எய்விந்த்


மருத்துவமனை
1938 ஜனவரி 19

என் அண்ணனுக்கும் என் தம்பிக்கும் சால்வோர் அண்ணிக்கும்,

நான் சுகமாக இல்லை.

ஆகஸ்டில் கடைக்காரர் வீட்டில் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இருமலோடு ரத்தம் வந்தது. மறுவாரமே இங்கே கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். இடது நுரையீரலில் காசநோய். நவம்பரில் ஜுரம் அதிகமாகி ஆறு வாரம் பேனாவைத் தொட விடவில்லை. அணிலுக்குக் குரல் அடைத்துவிட்டது என்று சுன்னிவா கேலி செய்தாள்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பீர்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் எப்படி வந்திருப்பீர்கள்? ஒரு மாதம் அண்ணன், இன்னொரு மாதம் தம்பி. அவர் இருக்கும்போது இவன் வரமாட்டான். என் கட்டிலருகில்கூட நீங்கள் சேர்ந்து நிற்காததைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. முதலில் பேசட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

மார்ச் எட்டாம் தேதி அறுவை. இடப் பக்கத்து ஏழு விலா எலும்புகளை எடுத்துவிடுவார்களாம். அப்போதுதான் நுரையீரல் அமுங்கி ஓய்வெடுத்து ஆறுமாம். முழுதாக மயக்க மாட்டார்கள், மரத்துப்போக ஊசி மட்டும்தான். காதில் எல்லாம் கேட்கும் என்று அடுத்த கட்டில்காரி சொன்னாள். பிழைப்பவர்கள்தான் அதிகம் என்கிறார் டாக்டர். எனக்குப் பயமாக இருக்கிறது. பகலில் சிரித்துப் பேசிச் சமாளிக்கிறேன், உள்ளே பயம்தான்.

நேற்று டாக்டர் ஒரு தாளோடு வந்தார். “உங்க வீட்லேர்ந்து யார் வருவாங்க?” என்றார். குளிர்காலத்தில் ஆடுகளை விட்டுவிட்டு யாரும் அசைய முடியாது என்பது எனக்குத் தெரியாதா? இரண்டு வீட்டுக் கொட்டிலும் காலியாக நிற்க முடியாது. ஒருவராவது வர முடிந்தால் வாருங்கள். யார் என்று நீங்களே சண்டையில்லாமல் முடிவு செய்யுங்கள். தாளில் அந்த இடத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

உங்கள்
ஆல்தீஸ்


மேல்வீடு
1938 பிப்ரவரி 9

எங்கள் ஆல்தீஸுக்கு,

நீ சுகமாக இல்லை, நாங்களும் சுகமாக இல்லை. உன் கடிதத்தைச் சால்வோர் சத்தமாகப் படித்தாள். எய்விந்த் எழுந்து கொட்டிலுக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து நான் போனேன். என் பசுவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். நானும் பக்கத்தில் நின்றேன்.

சண்டையில்லாமல் முடிவு செய்யச் சொன்னாய். முடியவில்லை. மூத்தவன் நான்தான் போக வேண்டும் என்றேன். “உங்களுக்குப் படகு ஏறுனா குடலே வெளிய வந்துரும். நான்தான் போவேன்” என்றான். மூன்று நாள் இதே பேச்சு. மூன்றாம் நாள் சால்வோர் கரண்டியைக் கீழே போட்டாள். “தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்பாங்க. இங்க ரெண்டும் ஆடுது, நின்ன எடத்துலயே ஆடுது. ஆட்டையெல்லாம் ஒரே கொட்டில்ல அடைங்க, நான் பாத்துக்கறேன். ரெண்டு பேரும் கெளம்புங்க” என்றாள்.

நேற்று கீழ்வீட்டு ஆடுகளை மேலே ஓட்டி வந்து என் ஆடுகளோடு விட்டோம். அவுத்ஹும்லாவும் இங்கேதான். ஃபென்ரிரைக் கட்டவில்லை, கட்டியும் பயனில்லை. கொட்டிலில் நிற்க இடமில்லை, ஆனால் சூடாக இருக்கிறது. எது யாருடையது என்று காதைப் பிடித்துப் பார்க்க இப்போது நேரமில்லை. ஆடுகளுக்கு நடுவில் நின்றபடி அவனிடம் சொன்னேன். “அன்னிக்கு அது வெட்டுதான்டா. ஊர் முன்னாடி நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது.” இதைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “கிழிசலாவும் இருந்திருக்கலாம்ணே. நானும் சரியாப் பாக்கல” என்றான்.

இனி எய்விந்த் எழுதுகிறேன். இருபத்திரண்டாம் தேதிக் கப்பலில் ஏறுகிறோம். அண்ணனுக்காக ஒரு வாளி எடுத்து வைத்திருக்கிறேன். புயல் வந்து கப்பல் தாமதித்தாலும் எட்டாம் தேதிக்குள் சேர்ந்துவிடுவோம். கப்பல் போகாவிட்டால் மலை வழியாக நடப்போம், அதையும் பேசி முடிவு செய்தாயிற்று. காதில் எல்லாம் கேட்கும் என்றாயே, உள்ளே விட மாட்டார்கள் என்றால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டே இருப்போம். சண்டை போட்டாலும் பயப்படாதே, பேச விஷயம் தீர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்தத் தாளை எடு. டாக்டர் கேட்ட இடத்தில் இரண்டு பேர் என்று எழுது.

உன் அண்ணன் தோர்லாக்
உன் தம்பி எய்விந்த்